செடி செழிப்பாக இருக்கிறது, காய்தான் இல்லை

கேள்வி: திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கொல்லையில் மூன்று பாத்தி கட்டி, மளிகைக் கடையில் வாங்கிய காராமணியை (வெள்ளைப் பயறு, கறுப்புக் கண் உள்ளது) வைகாசி முதல் வாரம் ஊன்றினேன். அடியுரமாகப் பாத்திக்கு இரண்டு கூடை சாணி எரு போட்டேன். இருபதாம் நாளும் நாற்பதாம் நாளும் கொஞ்சம் யூரியா வைத்தேன். சமையலறைத் தண்ணீர் தினமும் பாய்கிறது. செடி இடுப்பு உயரம் வந்து, இப்போது கொடியாக ஓடுகிறது. இலை கரும்பச்சை. அடி இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது. எழுபது நாள் தாண்டியும் ஒரு பூ இல்லை. நுனியில் எறும்பு ஏறுகிறது. "எறும்பு ஏறின செடி காய்க்காது, பிடுங்கிப் போடு" என்கிறார் மாமியார். பிடுங்கிவிடட்டுமா? மருந்து ஏதாவது அடிக்க வேண்டுமா?

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. மருந்தும் இப்போதைக்கு வேண்டாம். மிச்சம் இருக்கும் யூரியாவை மட்டும் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

உங்கள் செடிக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சாப்பாடு கூடிப்போய்விட்டது, அவ்வளவுதான். கடிதத்தில் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அதைத்தான் காட்டுகிறது: கரும்பச்சை இலை, இடுப்பு உயரம், கொடி ஓட்டம், பூ இல்லாமை. காராமணி, தட்டைப்பயறு, தட்டாம்பயறு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், யாழ்ப்பாணத்தில் கௌபி என்று சொன்னாலும், குணம் ஒன்றுதான். பிறந்த இடம் ஆப்பிரிக்கா. மழை குறைந்த, மணல் கலந்த, சத்து அதிகம் இல்லாத மண்ணில் பிழைக்கப் பழகிய பயிர். இன்றைக்கும் உலகத்திலேயே அதிகமாக விளைவது நைஜீரியாவிலும் அதை ஒட்டிய வறண்ட நாடுகளிலும்தான். அப்படிப்பட்ட செடியை எருக்குழியில் உட்கார வைத்தால் அது காய்க்க அவசரப்படுமா? வளர்ந்துகொண்டே இருக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் கிருஷ்ணகிரிப் பக்கம் மானாவாரிக் காடுகளில் சுற்றிக்கொண்டிருந்தேன். கேழ்வரகுக்கு ஊடே தட்டைப்பயறு போட்டிருந்த ஒரு காட்டில், வரப்போரம் குப்பைமேட்டை ஒட்டி நாலைந்து செடி தானாக முளைத்திருந்தது. ஆளை மறைக்கிற அளவுக்குக் கொடி. இலையை விலக்கி விலக்கித் தேடியும் ஒரு கைப்பிடி காய் தேறவில்லை. பத்தடி தள்ளிச் சரளை மண்ணில் நின்ற செடிகள் முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் இலைக்கு மேலே காம்பை நீட்டி, காம்புக்கு இரண்டாகக் காயைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்தக் காட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். படித்துவிட்டு வந்த எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பாடம் மண்டையில் ஏறியது.

காரணம் வேரில் இருக்கிறது. பாத்தியின் ஓரத்தில் உள்ள ஒரு செடியை, சுற்றிலும் மண்வெட்டியால் நெகிழ்த்தி, மண்ணோடு தூக்கி எடுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் வேரை முக்கி அலசுங்கள். வேரில் அங்கங்கே கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவைதான் வேர்முடிச்சுகள். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். ஒரு முடிச்சைக் கிள்ளி நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட ரத்த நிறமாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ இருந்தால் பட்டறை மூடிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் செடியில் முடிச்சு குறைவாகவும், இருப்பதும் வெளுத்தும் இருக்கும் என்பது என் ஊகம். யூரியா முழுக்க முழுக்கத் தழைச்சத்து. அது வேரடியில் சும்மா கிடைக்கும்போது, சர்க்கரை செலவழித்து பாக்டீரியாவை வளர்க்கச் செடிக்கு என்ன அவசியம்? கிடைத்ததை எல்லாம் இலையாகவும் தண்டாகவும் மாற்றிக்கொண்டே போகும். பண்ணையில் போடும்போதுகூட மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்து, அதைப்போல் இரண்டு மடங்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) என்றுதான் பரிந்துரை. அந்தச் சிறு தழைச்சத்தும் முடிச்சு பிடிக்கும் வரை, அதாவது முதல் இரண்டு மூன்று வாரம், நாற்று தாக்குப்பிடிக்கத்தான். நீங்கள் எருவாகப் போட்டதே அதற்கு மேல். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பருத்தி போட்டுப் போட்டுச் சத்திழந்த மண்ணைத் தேற்ற, ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்கிற விஞ்ஞானி அங்குள்ள ஏழை உழவர்களிடம் இந்தப் பயறைப் போடச் சொன்னார். மண்ணுக்கே சோறு போடுகிற பயிருக்கு நாம் ஊட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, யூரியா மட்டும்தான் குற்றவாளியா என்றால், முழுக்க அப்படியும் சொல்ல மாட்டேன். இரண்டாவது சந்தேகம் விதை மேல்.

தட்டைப்பயறில் பல ரகங்கள் பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். பகல் குறுகக் குறுகப் பூ மொட்டு வைக்கும். நீண்ட பகலில் கொடி மட்டும் ஓடும். திருச்சியில் பகல் நீளம் பெரிதாக மாறாதே என்று தோன்றும். ஆனி மாதத்தில் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம், மார்கழியில் 11 மணி 30 நிமிடம். நமக்குத் தெரியாத அந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் செடிக்குத் தெரியும். நீங்கள் வைகாசியில் ஊன்றினீர்கள். செடி வளர்ந்து பூக்க வேண்டிய நேரத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகல்கள் வந்துவிட்டன. மளிகைக் கடைப் பயறு எந்த ஊரில், எந்தப் பட்டத்தில் விளைந்தது, குத்துச் செடியா கொடியா, ஒரே ரகமா கலப்பா என்று கடைக்காரருக்கே தெரியாது. கொடி ஓடும் ரகமாக இருந்தால் 70 நாளில் பூக்காதது அதிசயமே இல்லை. இதற்கு வைத்தியம் எதுவும் கிடையாது. பொறுமைதான். இந்த ஆடி தாண்டினால் பகல் குறைந்துகொண்டே போகும், புரட்டாசியில் மொட்டு வைக்கலாம். அப்புறம், கொல்லையில் இரவு முழுக்க எரிகிற எல்இடி விளக்கு ஏதாவது செடி மேல் விழுகிறதா? விழுந்தால் கொஞ்ச நாளைக்கு அதைத் திருப்பி வையுங்கள். பகல் நீளம் பார்க்கும் செடிக்கு இருட்டும் கணக்கில் சேர்த்திதான்.

இப்போது எறும்புக்கு வருவோம். உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி.

தட்டைப்பயறுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. பூக்காம்பின் நுனியில், இரண்டு பூக்களுக்கு நடுவில், சின்னச் சின்ன மேடாகத் தேன் சுரப்பிகள் இருக்கும். பூவுக்கு வெளியே சுரக்கும் தேன் அது. அதைக் குடிக்க எறும்பு வரும், வந்த எறும்பு புழுவையும் விரட்டும். பூ வந்த பிறகு காம்பில் எறும்பைப் பார்த்தால் அது வாயில்காப்போன், விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் செடியில் இன்னும் பூக்காம்பே வரவில்லை. பூ இல்லாமல் நுனிக் குருத்தில் எறும்பு மொய்த்தால் அங்கே சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுனியை விரித்து, இலையின் அடிப்பக்கம் பாருங்கள். எள்ளைக் கொட்டி ஒட்டினது மாதிரி கறுப்பாக, பளபளவென்று கூட்டமாக உட்கார்ந்திருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புக்காகத்தான் எறும்பு வருவது, அசுவினியை மாடு மாதிரி மேய்த்துக் காவலும் காக்கும். தழைச்சத்து மிஞ்சிய இளந்தண்டு அசுவினிக்கு அல்வா. அதனால் "எறும்பு ஏறினால் காய்க்காது" என்று பெரியவர்கள் சொன்னது அனுபவத்தில் கண்டதுதான். எறும்பு அடையாளம், கெடுதல் செய்வது அசுவினி.

அசுவினி கொஞ்சமாக இருந்தால் காலையில் குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சி அடித்து விழவையுங்கள். நுனி முழுக்க அப்பியிருந்தால் அந்த நுனியைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்பு சேர்த்துச் சாயங்காலம் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். பொறிவண்டு தென்பட்டால் ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள், அது உங்களுக்காக வேலை செய்கிறது. ஆனால் ஏதாவது செடியில் இலை சுருங்கி, வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது தேமல் நோய். அசுவினி பரப்பும் நச்சுயிரி, விதை வழியாகவும் வரும். அந்த ஒரு செடியை மட்டும் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். அதிலிருந்து விதையும் எடுக்கக் கூடாது.

அடி இலை மஞ்சளாவதற்கு எனக்குத் தெரிவது இரண்டு காரணம். மேலே குடை மாதிரி மூடிக்கொண்டதால் கீழே வெயில் இல்லை, அது ஒன்று. சமையலறைத் தண்ணீர் இன்னொன்று, அதுதான் எனக்குக் கவலை. தினமும் பாய்கிற பாத்தியில் மண்ணுக்குள் காற்று இருக்காது. வேர்முடிச்சுக்குக் காற்று வேண்டும். தட்டைப்பயறு வறட்சியைத் தாங்கும், ஆணிவேர் ஆழமாகப் போய் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தேங்கின தண்ணீரைத் தாங்காது, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகத் தொடங்கும். அதோடு பாத்திரம் கழுவின தண்ணீரில் சோப்புக் காரமும் உப்பும் சேர்ந்து வரும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் விட்டால் மண் இறுகிவிடும். இந்தப் பயிருக்குக் கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் சுகம். அந்த வாய்க்காலை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். இதே காரணத்தால், சாம்பல் போட்டால் காய் பிடிக்கும் என்று யாராவது சொன்னாலும் உங்கள் பாத்தியில் போடாதீர்கள். சாம்பலும் காரம்தான்.

ஆக, இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உரம் எதுவும் கிடையாது, பஞ்சகவ்யமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தண்ணீரை நிறுத்தி, மேல்மண் காய்ந்து, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டால் ஈரம் தட்டாத நிலை வந்த பிறகு பாய்ச்சுங்கள். இப்போதைய வெயிலில் ஆறேழு நாளுக்கு ஒருமுறை போதும். செடிகள் நெருக்கமாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். குத்துச் செடிக்கே வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் வேண்டும், உங்களுடையது கொடி, இன்னும் அதிகம் வேண்டும். மிச்சமிருப்பதற்கு ஊன்றுகோல் நட்டுக் கொடியை ஏற்றிவிடுங்கள். ஓடுகிற நுனிகளை ஒரு சாண் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வரும், பூக்காம்பு அதிலிருந்துதான் வரும். கிள்ளின நுனியில் அசுவினி இல்லை என்றால் கீரையாகப் பொரியல் செய்யலாம். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் பயறுக்கு முன்னால் இலையைத்தான் சாப்பிடுகிறார்கள். இளசாகப் பறித்தால் முருங்கைக்கீரை அளவுக்கு இல்லாவிட்டாலும், நன்றாகவே இருக்கும்.

பூ வரும்போது இன்னொரு கடிதம் எழுதுவீர்கள், "பூவெல்லாம் உதிர்கிறது" என்று. அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தட்டைப்பயறு பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துக்கொள்ளும், தேனீக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் வைத்த பூவில் பெரும்பகுதி உதிர்வதுதான் அதன் இயல்பு. ஒரு காம்பில் இரண்டு மூன்று காய் நின்றால் போதும், அதுவே நல்ல விளைச்சல். பூவிலும் பிஞ்சிலும் மட்டும் மண் வறண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் கணக்கை அப்போது நான்காகக் குறைக்கலாம். இரவிலும் புழுக்கம் குறையாத நாட்களில் உதிர்வு கூடுதலாகவே இருக்கும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. பூவும் பிஞ்சும் நூலாம்படை கட்டினது மாதிரி ஒட்டிக்கொண்டு, உள்ளே எச்சம் தெரிந்தால் அது காய்ப்புழு, அந்தக் கொத்தைக் கையால் பறித்து நசுக்கிவிடுங்கள். பெரிய காட்டுக்குப் பூக்கும் சமயத்தில் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்கச் சொல்வோம். மூன்று பாத்திக்கு, அதுவும் இவ்வளவு சத்து ஏறின மண்ணுக்கு, அது வேண்டாம்.

புரட்டாசியில் பூத்தால் காய் முற்றும்போது ஐப்பசி அடைமழை வந்து நிற்கும். செடியிலேயே காயவிட்டுப் பயறு எடுக்கலாம் என்று நினைத்தால் காய்க்குள்ளேயே முளைவிட்டுவிடும். அதனால் இந்தத் தடவை பச்சைக் காயாகப் பறித்துவிடுங்கள். வளைத்தால் பட்டென்று ஒடிகிற பதம். பறிக்கப் பறிக்க மறுபடி பூக்கும். கத்தரிக்காயோடு சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தால் அருமையாக இருக்கும், கொங்கு நாட்டுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த விதைப்பை இதே பாத்தியில் செய்யாமல் வேறு இடத்தில், தை கடைசி மாசி முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைப் பயறை விட்டுவிட்டு, வேளாண் விரிவாக்க மையத்திலோ விதைப் பண்ணையிலோ கோ (சிபி) 7, வம்பன் 1, வம்பன் 3 போன்ற ரகங்களில் எது கிடைக்கிறதோ அதைக் கேளுங்கள். குத்தாக நிற்கும், இரண்டு இரண்டரை மாதத்தில் அறுவடை முடிந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையமே இருக்கிறது, திருச்சியிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். விதையோடு ரைசோபியம் (வேர்முடிச்சில் குடியிருக்கும் அந்த பாக்டீரியாதான்) பொட்டலமும் வாங்கி, ஆறின கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் ஊன்றுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். எருவைப் பாதியாகக் குறையுங்கள், யூரியா அறவே வேண்டாம். முளைத்து வரும்போது விதையே இரண்டாகப் பிளந்து மண்ணுக்கு மேலே வரும், அதை மைனாவும் அணிலும் கொத்தாமல் ஒரு வாரம் முள்ளோ வலையோ போட்டு மூடுங்கள்.

மாசிப் பயறை மட்டும் செடியிலேயே காயவிட்டு விதைக்கு எடுக்கலாம். நெற்று வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், பனி ஈரம் இருக்கும் காலை வேளையில் பறியுங்கள், வெயிலில் பறித்தால் வெடித்துச் சிதறும். பயறு வண்டு காட்டிலேயே காய் மேல் முட்டை வைத்துவிட்டுத்தான் டப்பாவுக்குள் வருகிறது. அதனால் பறித்ததும் தாமதிக்காமல் உடைத்து, கடித்தால் நொறுங்கும் வரை இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். சமையலுக்கு என்றால் கிலோவுக்கு 10 மில்லி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டுப் புரட்டி வைத்தால் போதும், முட்டை பொரிக்காது. விதைக்கு என்றால் பழைய முறைப்படி செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பூசிக் காயவைத்துப் பானையில் கட்டி வைக்கலாம். பதம் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். எறும்பைப் பார்த்தே அசுவினியைச் சொன்ன மாமியார் வீட்டில் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள்.